மாடுலர் வீடா, கட்டிய வீடா: முதலில் மனையைப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் எடிசன், பிஸ்கட்டவே பக்கம் அபார்ட்மெண்டில் குடியிருக்கும் நம்மவர்கள் வீடு தேட ஆரம்பித்தால் முதல் ஆறு மாதம் ஏறக்குறைய ஒரே கதைதான். சனி ஞாயிறு முழுக்க, விற்பனைக்கு வந்த வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டும் ஓப்பன் ஹவுஸ். கேட்ட விலைக்கு மேல் போட்டும் வீடு வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் தேடல் மேற்கே நகரும். டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவில் ஈஸ்டன், பெத்லஹேம், அலன்டவுன் என்று லீஹை பள்ளத்தாக்கு வரை போகும். இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் மாடுலர் வீட்டுப் பேச்சை எடுப்பார். தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து இறக்கி மாட்டுகிற வீடு. அதைச் செய்யும் தொழிற்சாலைகள் பென்சில்வேனியாவில்தான் நிறைய. ‘நாலு பெட்ரூம், புத்தம் புதுசு, விலை இவ்வளவுதான். 1965இல் கட்டின வீட்டுக்கு எதற்கு இதைவிட அதிகமாகக் கொட்டிக் கொடுக்க வேண்டும்?’ என்பார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒப்பீடு தப்பு. தொழிற்சாலை சொல்வது ஒரு பொருளின் விலை. பழைய வீட்டின் விலையில் மனை, சாலை, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், அனுமதி எல்லாம் அடங்கியிருக்கிறது. பல வருடம் முன்பே யாரோ ஒருவர் அந்த மனையோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டார், அதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். மாடுலர் வீட்டில் அந்த மல்லுக்கட்டு நம் தலையில் விழும். இதில் வேடிக்கை என்னவென்றால், மாடுலர் திட்டத்தில் ஓரளவு நம்பிச் சொல்லக்கூடிய ஒரே பகுதி தொழிற்சாலைதான். சிக்கல் எல்லாம் தரைக்குக் கீழேயும் வங்கியிலும்தான்.

மேலே போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாடுலர் வீடு என்றதும் ஊரிலிருந்து வந்த மாமனார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை பலரும் சக்கரம் வைத்த ‘டிரெய்லர்’ வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. 1976 ஜூன் 15 முதல், நிரந்தர இரும்புச் சட்டகத்தின் மேல் தொழிற்சாலையில் கட்டப்படும் ‘மேனுஃபேக்சர்ட் ஹோம்’ எல்லாம் மத்திய வீட்டுவசதித் துறையின் தனி விதிக்கு உட்பட்டவை, வெளியே ஒரு சிவப்பு உலோகத் தகடு இருக்கும். மாடுலர் வீடு அப்படியல்ல. மனையில் நின்று கட்டும் வீட்டுக்கு உள்ள அதே மாநிலக் கட்டட விதிதான் இதற்கும். பென்சில்வேனியாவில் இதற்கென்று 1972இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தொழிற்சாலையிலேயே பரிசோதித்து முத்திரை ஒட்டி அனுப்புவார்கள், உள்ளூர் இன்ஸ்பெக்டர் அடித்தளத்தையும் இணைப்புகளையும் பார்ப்பார். அடமானக் கடன் சந்தையின் பெரிய நிறுவனமான ஃபேனி மே, மாடுலர் வீட்டை மனையில் கட்டிய வீடு போலவேதான் நடத்துகிறது. விற்கும்போதும் மதிப்பீட்டாளர் சுற்றுவட்டாரத்தின் சாதாரண வீடுகளோடு ஒப்பிட்டு விலை சொல்லலாம். ஆகவே ‘மதிப்பு ஏறாது’ என்ற பயத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால் சில குடியிருப்புச் சங்கங்களின் பத்திரத்தில் தொழிற்சாலை வீடே கூடாது என்று ஒரு வரி இருக்கும். மனை வாங்கும் முன் அந்தப் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் நடப்பது உண்மையிலேயே நல்ல வேலை. மரம் மழையில் நனைவதில்லை. பெட்டி ஒவ்வொன்றும் லாரியில் நூற்றுக்கணக்கான மைல் குலுங்கிப் போக வேண்டும், கிரேனில் தொங்க வேண்டும் என்பதால் சாதாரண வீட்டைவிடக் கெட்டியாகவே ஆணியும் பசையும் போடுகிறார்கள். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் சுவர் இரட்டைக் கனமாக இருக்கும், சத்தம் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகாது. சாலையில் போகக்கூடிய அகலத்துக்கு வரம்பு உண்டு. பெட்டி 14 அடிக்கு முன்பின், மிஞ்சினால் 16 அடி. அதனால்தான் பல மாடுலர் வீடுகள் முன்னிருந்து பின்னுக்கு 28 அடிக்குச் சற்றுக் குறைவாக ஒரே அளவில் வந்து நிற்கின்றன. இரண்டு மாடி வீட்டுக்கு வழக்கமாக நான்கு பெட்டி.

பெட்டி இறக்கும் நாளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய பெட்டிகள் முந்தின நாளே பக்கத்தில் எங்காவது ஒரு காலி இடத்தில் வந்து நிற்கும். காலையில் கிரேன் வரும். அதன் கால்களை ஊன்றக் கெட்டியான தரை வேண்டும், நேற்று மழை பெய்து மண் குழைந்திருந்தால் அங்கேயே முதல் தகராறு. மேலே மின்கம்பி போகிறதா, மரக்கிளை இடிக்கிறதா, லாரி திரும்ப இடமிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் முதல் பெட்டி எழும்பும். கீழே நாலைந்து பேர் கடப்பாரையோடு நின்று, அந்தரத்தில் தொங்கும் சமையலறையை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அடித்தளத்தின் மேல் உட்கார வைப்பார்கள். அடித்தளம் கால் அங்குலம் மட்டம் தவறினாலும் அந்த இடத்தில் தெரிந்துவிடும். பெட்டிகளைப் போல்ட் போட்டு இணைத்ததும், மடக்கி வைத்திருந்த கூரையைக் கீல்மேல் நிமிர்த்துவார்கள். காலையில் வெறும் பள்ளமாக இருந்த இடத்தில் சாயங்காலம் வீடு நிற்கும். உள்ளே போனால் கேபினட் மாட்டியிருக்கும், கழிப்பறைப் பீங்கான் இருக்கும், ஜன்னல் திறக்கும். நடுவே மட்டும் பெட்டிகள் சேரும் கோட்டில் ஒரு பட்டை தரைவிரிப்பு இல்லாமல் பல்லிளிக்கும். கீழ்த்தளத்தில் குழாயும் ஒயரும் இணைப்புக்குக் காத்துத் தொங்கும்.

அன்றைக்கு எடுக்கும் வீடியோவைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு ஒரு நாளில் வந்துவிட்டது போல் தெரியும். அதற்கு முன்னால் பல மாதம், பின்னால் சில மாதம். மனை வாங்குவதிலிருந்து குடிபோகும் வரை ஓராண்டு என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தொழிற்சாலை வரிசையில் பெட்டி இருப்பது அதில் சில வாரம்தான்.

கைக்கணக்காக ஒன்று போட்டுப் பார்க்கலாம். எண்கள் ஒரு அளவைக் காட்டுவதற்குத்தான், உங்கள் மனைக்கு இவை மாறும். தொழிற்சாலை விலை 2,20,000 டாலர் என்று வைப்போம். நாம் விளம்பரத்தில் பார்ப்பது இதைத்தான். கான்கிரீட் கீழ்த்தளம் 50,000. லாரி, கிரேன், இறக்கி மாட்டும் ஆட்கள் 25,000. இணைப்பு வேலை, வெப்பமூட்டி, ஏசி, படிக்கட்டு, பெயிண்ட், வெளிச்சுவர் ஒட்டு வேலை 60,000. கழிவுநீர் அமைப்பு 30,000. கிணறு 15,000. வண்டிப்பாதையும் மின்கம்பத்திலிருந்து வீடு வரை இணைப்பும் 20,000. இதுவே 4,20,000 ஆகிவிட்டது. மனை 1,20,000 என்றால் 5,40,000. முதல் எண்ணைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இதில் கேரேஜ் இன்னும் வரவில்லை.

இந்தப் பட்டியலில் கழிவுநீர் அமைப்பு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது பல பேருடைய திட்டத்தையே கவிழ்த்திருக்கிறது. நகரக் குழாய் இல்லாத மனையில் நம் கழிவை நம் மண்ணே வடிகட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் 1966இல் வந்த கழிவுநீர்ச் சட்டப்படி, அந்த மண் அதற்கு லாயக்கா என்று டவுன்ஷிப் என்ற உள்ளாட்சியின் கழிவுநீர் அதிகாரி பார்த்துச் சொல்லாமல் கட்டட அனுமதி கிடையாது. அவர் பேக்ஹோ வைத்து ஒரு குழி தோண்டச் சொல்வார். குழிக்குள் இறங்கி மண்சுவரைச் சுரண்டுவார். பழுப்பு மண்ணில் சாம்பல் நிறமும் துருச் சிவப்பும் கலந்த புள்ளிகள் எந்த ஆழத்தில் ஆரம்பிக்கின்றன என்று பார்ப்பார். வருடத்தில் சில மாதம் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் புள்ளியோ பாறையோ 60 அங்குலத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, சாதாரண நிலத்தடி அமைப்பு போதும். 20க்கும் 60க்கும் நடுவில் என்றால் தரைக்கு மேல் மணலைக் குன்று போலக் கொட்டி அதற்குள் வடிகட்ட வேண்டும். லீஹை பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களில் வீட்டு முற்றத்தில் புல் மூடிய ஒரு நீள மேடு தெரிந்தால் அது அநேகமாக இதுதான். அதன் செலவு 20,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். 20 அங்குலத்துக்குள்ளேயே புள்ளி தெரிந்துவிட்டால் வழக்கமான அமைப்பு எதுவும் கிடைக்காது.

குழி தேறினால் அடுத்தது ஊறல் சோதனை. சிறு துளைகள் போட்டு, முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி ஊற்றி, எத்தனை நிமிடத்தில் ஒரு அங்குலம் இறங்குகிறது என்று ஸ்கேலும் கடிகாரமுமாக அளப்பார்கள். மலிவாகக் கிடைக்கும் மனைக்குப் பின்னால் பல சமயம் இந்தச் சோதனையில் தோற்ற கதை ஒன்று இருக்கும். விற்பவர் அதைத் தானாகச் சொல்லமாட்டார். டவுன்ஷிப் அலுவலகத்தில் அந்த மனையின் பழைய கோப்பைக் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தரகருக்கு ஃபோன் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

மண்ணிலிருந்து வரும் இன்னொன்று ராடான். நிறமில்லை, மணமில்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் கதிர்வீச்சு வாயு. வீடுகளில் இது இவ்வளவு இருக்கும் என்று அமெரிக்காவுக்குத் தெரியவந்ததே கிழக்குப் பென்சில்வேனியாவில்தான். 1984 டிசம்பரில் லிமரிக் அணுமின் நிலையத்தின் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ், கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. அந்த நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கவில்லை. தேடிப் பார்த்தால் கதிர்வீச்சு அவருடைய வீட்டிலிருந்து அவர் உடையில் ஒட்டி வந்திருக்கிறது. பாயர்டவுன் அருகே இருந்த அந்த வீட்டில் ஒரு லிட்டர் காற்றுக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). இன்று 4க்கு மேல் போனாலே சரிசெய்யச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பென்சில்வேனியா வீடுகளில் சுமார் 40 சதவீதம் அந்த எல்லைக்கு மேல் இருப்பதாக மாநில சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. புது வீடு என்பதால் ராடான் வராது என்று நினைப்பது வெறும் நம்பிக்கை. பெட்டி எங்கிருந்து வந்தாலும் அது உட்காருவது இந்த மண்மேல்தான். ஒரு வசதி உண்டு. புதிதாகக் கட்டும்போது தரை கான்கிரீட்டுக்கு அடியில் ஜல்லி பரப்பி ஒரு குழாயைக் கூரை வரை கொண்டுபோய்விட்டால் செலவு கொஞ்சம்தான். பழைய வீட்டில் பின்னால் போட ஆயிரம், இரண்டாயிரம் டாலர் ஆகும். அதை விற்பவரிடம் பேசி வாங்கிக்கொள்ளவும் முடியும்.

லீஹை பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் கரைத்துக் கரைத்து, சில இடங்களில் தரை திடீரென்று உள்வாங்கிவிடும். சாதாரண வீட்டுக் காப்பீடு அதை ஏற்காது, தனியாக ஒரு சேர்க்கை வாங்க வேண்டும். ஐம்பது வருடம் நின்ற வீட்டைப் பார்த்தால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும். காலி மனையில் அந்தத் தடயம்கூடக் கிடையாது.

சரி, மண் ஒத்துக்கொண்டது. அடுத்து வங்கி.

கட்டிய வீட்டுக்குக் கடன் எளிய விஷயம். வீடு இருக்கிறது, மதிப்பிடுகிறார்கள், பணம் ஒரே நாளில் கைமாறுகிறது, சாவி வருகிறது. மாடுலருக்குப் பெரும்பாலும் கட்டுமானக் கடன் வேண்டும், வேலை முடிந்ததும் அது சாதாரண அடமானமாக மாறும். பணத்தை வங்கி தவணை தவணையாக, வேலை நடந்ததை ஆள் விட்டுப் பார்த்துத்தான் விடும். இங்கேதான் முடிச்சு. மனையில் நின்று கட்டும்போது நேற்று எழுந்த சுவருக்கு இன்று பணம் என்பது சரியாகப் பொருந்தும். தொழிற்சாலையோ ஆர்டர் கொடுக்கும்போதே முன்பணம் கேட்கும், மீதியைப் பெட்டி வாசலைத் தாண்டும் முன்போ மனையில் இறங்கும் நாளிலோ எண்ணி வைக்கச் சொல்லும். வங்கிக்கு அடமானமாக இருப்பது மனை. நூறு மைல் தள்ளி வேறொருவர் கொட்டகையில் நிற்கும் பெட்டிக்கு அது ஏன் பணம் விட வேண்டும்? மாடுலர் கடன் கொடுத்துப் பழகிய வங்கிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன, மற்றவை கடைசி வாரத்தில் கையை விரிக்கும். ‘எத்தனை மாடுலர் வீட்டுக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், தொழிற்சாலைக்கு எந்தக் கட்டத்தில் பணம் போகும்?’ இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இது தவிர, கட்டி முடியும் வரை இருக்கிற அபார்ட்மெண்ட் வாடகையும் எடுத்த கடனுக்கு வட்டியும் ஒன்றாக ஓடும். மேலே போட்ட கணக்கில் அந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்சாலையே மூடிவிட்டால்? நடக்காத விஷயம் அல்ல. இந்தத் தொழிலுக்கு ஆர்டர் வருகிறதோ இல்லையோ கொட்டகையும் சம்பளமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டுச் சந்தை இருமினால் இதற்குக் காய்ச்சல் வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மத்திய அரசின் கடனோடு எனாமல் பூசிய எஃகு வீடுகள் செய்ய ஒஹையோவில் ஆரம்பித்த லஸ்ட்ரான், சுமார் 2,500 வீடு செய்து 1950இல் திவாலானது. சிலிக்கான் வேலி முதலீட்டில் கட்டுமானத்தையே மாற்றிவிடுவதாகச் சொன்ன கட்டெர்ரா 2021இல் திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் கட்டி முடிக்கப்பட்ட புதிய தனி வீடுகளில் மாடுலரும், சுவர்களை மட்டும் தொழிற்சாலையில் செய்து மனையில் பொருத்தும் பேனல் வகையும் சேர்ந்து 1998இல் 7 சதவீதம், 2023இல் 3 சதவீதம்தான். ஸ்வீடனில் தனி வீடுகளில் பத்தில் எட்டுக்கு மேல் தொழிற்சாலைப் பாகங்களால் ஆனவை என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். அங்கே அதற்கேற்ற தொழிலும் கடன் முறையும் பல தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. இங்கே முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு, தரகர்கள் யாரும் அதைப் பேசுவதில்லை. வேலை போனால் அடுத்த வேலை பிடிக்கவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ 60 நாள் அவகாசம். கட்டி முடிந்த வீடு என்றால் அந்த 60 நாளில் விற்பனைக்குப் போடலாம், வாடகைக்கு விடலாம், ஏதோ ஒரு வழி. பள்ளம் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, பெட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு நிற்கும் நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? பாதி வீட்டை யார் வாங்குவார்கள்? பச்சை அட்டைக்குப் பத்து வருடத்துக்கும் மேல் வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு இது கற்பனைப் பயம் அல்ல. இன்னொன்று, 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மத்திய வீட்டுவசதி நிர்வாகமான எஃப்.எச்.ஏ.வின் உத்தரவாதக் கடன் கிடையாது. குறைந்த முன்பணத்தில் பழைய வீட்டை வாங்கி, பழுதுபார்க்கும் செலவையும் அதே கடனில் சேர்க்கும் எஃப்.எச்.ஏ. திட்டமும் அதோடு அவர்களுக்கு மூடிவிட்டது. சாதாரண அடமானக் கடனுக்குத் தடை இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, பேசாமல் பழைய வீட்டையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்கலாம். கிடைக்க வேண்டுமே! 2021 ஜனவரியில் 30 வருடக் கடனுக்குச் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. குறைந்த வட்டியில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு வீட்டை விற்று அதிக வட்டிக்கு இன்னொன்று வாங்குவார்? அவர் நகரவில்லை, வீடு சந்தைக்கு வரவில்லை. 2024இல் நாடு முழுக்க விற்ற பழைய வீடுகள் 40.6 லட்சம், 1995க்குப் பிறகு மிகக் குறைவு. மாடுலர் பேச்சு நம் வரவேற்பறைக்கு வந்ததற்குக் காரணம் அந்த வீட்டின் மேன்மை மட்டும் அல்ல, இந்தத் தட்டுப்பாடும்தான்.

தட்டுப்பாட்டில் அவசரம் வரும். போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று பரிசோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், வீட்டையே விட்டாலும் விடலாம், பரிசோதனையை விடக் கூடாது. நியூ ஜெர்சியில் தரகர் மூலம் ஒப்பந்தம் கையெழுத்தானதும் வக்கீல் பார்த்து மாற்றவோ ரத்து செய்யவோ மூன்று வேலை நாள் உண்டு, அந்த மூன்று நாள் உங்களுக்காகவே வைத்தது.

பழைய வீட்டில் எதைப் பார்ப்பது? கூரை, வெப்பமூட்டி, ஏசி வயது எல்லாம் எந்த இன்ஸ்பெக்டரும் பார்ப்பார். அவர் வழக்கமான கட்டணத்துக்குள் பார்க்காத இரண்டுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று புதைத்த எண்ணெய்த் தொட்டி. எரிவாயுக் குழாய் வருவதற்கு முன் நியூ ஜெர்சி வீடுகள் பல எண்ணெயில் சூடாகின, தொட்டி இரும்பில் செய்து முற்றத்தில் புதைத்தது. எரிவாயுவுக்கு மாறியவர்கள் பலர் தொட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். அது துருப்பிடித்து ஒழுகி மண்ணில் இறங்கியிருந்தால் சுத்தம் செய்யும் பொறுப்பு இன்றைய உரிமையாளருடையது, பல்லாயிரம் டாலர், பெரும்பாலான வீட்டுக் காப்பீடு தராது. சில நூறு டாலருக்கு ஒருவர் கருவியோடு வந்து புல்வெளியில் நடந்து பார்த்துச் சொல்லிவிடுவார். முன்சுவர் ஓரமாகத் தரையிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு சின்ன இரும்புக் குழாய்கள் தெரிந்தால் நீங்களே சந்தேகப்படலாம். இன்னொன்று வீட்டிலிருந்து தெரு வரை போகும் கழிவுநீர்க் குழாய். பழைய வீடுகளில் அது சுட்டமண் குழாய், மர வேர் உள்ளே புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

1978க்கு முன் கட்டியது என்றால் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம், அதைச் சோதிக்க வாங்குபவருக்கு 10 நாள் தர வேண்டும் என்பது மத்திய விதி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. 1965 முதல் 1973 வரை கட்டிய சில வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினிய ஒயர், ஸ்விட்ச் சேரும் இடத்தில் சூடேறும். இவை எல்லாம் பயமுறுத்துவதற்கு அல்ல. பழைய வீட்டின் குறைகள் கண்ணால் பார்த்து, விலை போட்டு, பேரத்தில் கழிக்கக் கூடியவை. காலி மனையின் குறைகளோ தோண்டும் போதுதான் தெரியும், அப்போது பேரம் பேச எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

மாடுலருக்கு உள்ள நிஜமான சலுகைகளையும் சொல்லியாக வேண்டும். சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல சமயம் புகையை உறிஞ்சி ஒரு வடிகட்டி வழியாக மறுபடி நம் முகத்திலேயே ஊதும். மிளகாய் வற்றல் தாளித்தால் மாடியில் தூங்குபவர் தும்முவார். புகையை வெளியே தள்ளும் குழாயைப் பின்னால் போடச் சுவரை உடைக்க வேண்டும். மாடுலரில் வரைபடக் கட்டத்திலேயே சொல்லிவிட்டால் குழாய் சுவரோடு வரும். பூஜை அறை, தாத்தா பாட்டி வந்தால் தங்கத் தரைத்தளத்தில் ஒரு குளியலறையோடு அறை, இப்படிப் பல. ஆனால் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு, பெட்டி வரிசையில் ஏறிவிட்டால் ஒரு ஜன்னலை நகர்த்தக்கூட முடியாது, முடிந்தாலும் கட்டணம் தனி. வாசல் கிழக்கே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். தெரு எந்தப் பக்கம், கழிவுநீர்க் குன்று எந்தப் பக்கம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும் என்பதெல்லாம் போக மிச்சம் இருக்கும் இடம்தான் திசையைத் தீர்மானிக்கும்.

புது வீடு என்பதால் நியூ ஜெர்சியில் சட்டப்படி உத்தரவாதமும் உண்டு. பொதுவான வேலைக்கு 1 வருடம், பிளம்பிங் மின்சாரம் போன்றவற்றுக்கு 2 வருடம், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 10 வருடம். கதவுக்கு மேலே சுவரில் மயிரிழை விரிசல் வந்தால், தொழிற்சாலை இறக்கி மாட்டியவரைக் கைகாட்டும், அவர் அடித்தளம் போட்டவரைக் கைகாட்டுவார், அவர் லாரியைக் குறை சொல்வார். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதும் பில்டர் கிடைத்தால் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம். சொத்துவரியையும் மறக்கக் கூடாது. நியூ ஜெர்சியில் சராசரி வீட்டுவரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. காலி மனைக்குக் கட்டிய வரியைப் பார்த்து பட்ஜெட் போட்டால், வீடு முடிந்த பிறகு வரும் கூடுதல் மதிப்பீட்டு நோட்டீஸ் தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்படியென்றால் மாடுலர் யாருக்குத்தான் சரிப்படும்? 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூ ஜெர்சிக் கடலோரத்தைச் சிதைத்த பிறகு அங்கே நிறைய மாடுலர் வீடுகள் வந்தன. காரணம் யோசித்துப் பார்த்தால் விளங்கும். மனை அவர்களுடையது. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், சாலை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தச்சர்களுக்கு அலைந்தபோது, தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டி காலத்தை மிச்சப்படுத்தியது. அங்கேயும் உயர்த்திக் கட்ட வேண்டிய அடித்தளமும் அனுமதியும்தான் இழுத்தடித்தன. ஆக, மாடுலர் நன்றாக வேலை செய்வது வசதிகள் எல்லாம் வந்து சேர்ந்த மனையில்தான். ஊருக்குள் விட்டுப்போன ஒரு காலி மனை, அல்லது இடித்துக் கட்டும் நிலைக்கு வந்த ஒரு பாழடைந்த வீடு. அதிலும் மொத்தச் செலவில் பத்து, பதினைந்து சதவீதம் கையில் தனியாக வைத்துக்கொண்டு, ஓராண்டு வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டத் தெம்பிருக்கும், வேலையும் விசாவும் ஆட்டம் காணாத குடும்பத்துக்கு. மற்றவர்கள், குறிப்பாக செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் குடிபோக வேண்டியவர்கள், ஓப்பன் ஹவுஸ் வரிசையிலேயே நிற்பது நல்லது.

மனை பிடித்துப் போனவர்கள் விலையைப் பேசுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுத வைக்க வேண்டும். கழிவுநீர்ச் சோதனை நாம் போடும் படுக்கையறை எண்ணிக்கைக்குத் தேற வேண்டும், கட்டட அனுமதி கிடைக்க வேண்டும், கடன் எழுத்தில் உறுதியாக வேண்டும். எது நடக்காவிட்டாலும் முன்பணம் திரும்பி வர வேண்டும். விற்பவர் மூன்றில் முதலாவதற்கு மட்டும் முகம் சுளித்தால், டவுன்ஷிப்பில் அந்தப் பழைய கோப்பைத் தேடிப் பார்க்கலாம்.